இதை எந்தத் தட்டுல வைக்க?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கட்டையைச் சாய்க்கலாம் என்று பாயை உதறிக்கொண்டிருந்தபோது அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, தூங்கிராதீங்க. ஒரே ஒரு சந்தேகம்."

பையனுக்குப் பகலில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, ராத்திரியில் பாட்டு. கூட்டாளிகள் நாலு பேரோடு சேர்ந்து ஒரு பாட்டை முடித்து வைத்திருக்கிறான். நாதஸ்வரம், உறுமி, பேஸ் கிடார். நடுவில் அவனுடைய அம்மாச்சி, அதாவது என் அம்மா, நாற்று நடும்போது பாடிய மெட்டு ஒன்று வந்து போகும். கேட்டேன். நன்றாகவே இருக்கிறது, மருமகன் என்பதற்காகச் சொல்லவில்லை. ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்களில் பாட்டை ஏற்றிவிட நடுவில் ஒரு விநியோகக் கம்பெனி உண்டாம். அவர்களுக்கு ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். பையன் முட்டிக்கொண்டு நின்றது அங்கேதான். 'பாட்டின் வகை' என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது.

"டிவோஷனல்னு போட்ரவா மாமா? நாதஸ்வரம் இருக்குல்ல?"

"பாட்டுல சாமியே இல்லையேடா மாப்ள."

"ஃபோக்?"

"போடேன்."

"போட்டா வெள்ளைக்காரன் கிடார் வச்சுக்கிட்டு மொனங்குற லிஸ்ட்ல போய் உக்காந்துரும் மாமா. ராக்னு போட்டா உறுமி இடிக்குது. இந்தா, இங்க பாருங்க, 'தமிழ்'னு ஒண்ணு இருக்கு."

எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே இருந்தது. ராக், ஜாஸ், ஹிப்ஹாப் என்று இறங்கிக்கொண்டே போகும் பட்டியலில் தமிழும் ஒரு இசை வகை! கச்சேரி, கானா, ஒப்பாரி, குத்து, கும்மி எல்லாம் அந்த ஒரே சாக்கில். எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே ஒரு பழைய குரலும் காதில் கேட்டது: "தம்பி, இதை எந்தத் தட்டுல வைக்க?"

அது 1987 வாக்கில். மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பாது. காலி கேசட் ஒன்று வாங்கி, பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அறுபது நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு, ஏழு பாட்டு. ரெண்டு நாள் கழித்துப் போனால் கடை அண்ணன் பதிந்து, அட்டையில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் குண்டு குண்டாகப் பாட்டு வரிசையை எழுதி, யாரும் தெரியாமல் அழித்துவிடக்கூடாது என்று கேசட் முதுகில் உள்ள ரெண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துத் தருவார். காலேஜ் விட்டால் நான் அந்தக் கடையில்தான் கிடப்பேன்.

அண்ணனின் அலமாரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். கண்மட்டத்தில் புதுப்படம். அதற்கு மேலே பழசு. கைக்கு எட்டுகிற இன்னொரு தட்டில் பக்தி, அதிலும் சாமிவாரியாக: முருகன், ஐயப்பன், அம்மன், ஏசு, அல்லா. அதற்குக் கீழே நாட்டுப்புறம். தரையோடு தரையாக இங்கிலீஷ்: போனி எம், மைக்கேல் ஜாக்சன். அவ்வளவுதான் உலக சங்கீதம்.

அந்தக் கடைக்கு ஒருநாள் வந்து சேர்ந்தது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986இல் வெளியான இசைத்தொகுப்பு. இதற்கு எப்படிப் பேர் வைக்க என்று பேரிலேயே கேட்டுவிட்டார் மனுஷன். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கை. வி.எஸ். நரசிம்மனின் வயலின். உள்ளே ஒரு உருப்படிக்கு 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்று அர்த்தம் வருகிற இங்கிலீஷ் தலைப்பு, இன்னொன்றுக்கு 'டோன்ட் கம்பேர்', அதாவது ஒப்பிடாதே. மொத்தத் தொகுப்பும் கடைக்காரனோடு ஒரு வம்பு வழக்குப் போலத்தான் வந்து இறங்கியது.

அண்ணன் முதலில் அதைப் புதுப்படத் தட்டில் வைத்தார். ராஜா பேரைப் பார்த்தவுடன் வாங்கிக்கொண்டு போனவர்கள் மறுநாள் வரிசையாகத் திரும்பி வந்தார்கள். அலங்காநல்லூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். "என்னண்ணே, பாட்டே வரல. வெறும் பிடில்தான் ஓடுது. கேசட்டு ரிப்பேரு, மாத்திக் குடுங்க." கேசட் கீழே இங்கிலீஷ் தட்டுக்கு இறங்கியது. அங்கே குனிகிறவர்கள் டிஸ்கோ தேடுகிறவர்கள், சீண்டவில்லை. தியாகராஜர் பேர் இருக்கிறதே என்று பக்திக்கு ஏற்றினார். அங்கே ஒரு மாமி கையில் எடுத்து, இளையராஜா என்று படித்ததும் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அப்போதுதான் என்னிடம் கேட்டார், "தம்பி, இதை எந்தத் தட்டுல வைக்க?" கடைசியில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், ஊதுபத்தி ஸ்டாண்டுக்குக் கீழே சாய்த்து வைத்தார். அங்கே வைத்த பிறகு நாலைந்து விற்றது. அதில் ஒன்று நான் வாங்கியது.

யோசித்துப் பாருங்கள். இதே ராஜா அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1976இல், 'அன்னக்கிளி'யில் தெம்மாங்கும் தாலாட்டும் கொண்டு வந்தபோது யாரும் தட்டைத் தேடவில்லை. ஒரே படத்தில் கரகாட்ட மெட்டும் கல்யாணி ராகமும் மேற்கத்திய வயலின் கூட்டமும் வந்தபோதும் தேடவில்லை. ஏனென்றால் அட்டையில் படத்தின் பேர் இருந்தது. சினிமாப் பேர் ஒன்று போதும், உள்ளே எதைப் போட்டு அவித்தாலும் விற்கும். பண்ணைப்புரத்திலிருந்து (அப்போது அது மதுரை மாவட்டம், தேனி பிரிந்தது 1996இல்) அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் வாசித்துப் பழகி, பிறகு மெட்ராஸ் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீதம் படித்தவர் அவர். எந்த வகைக்குள்ளும் அடங்காத அந்த ஆளுக்குச் சினிமா ஒரு கூரை போட்டுக் கொடுத்தது. கூரையை விட்டு நாலடி வெளியே வந்தார், கடைக்காரருக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால் அந்தத் தொகுப்பின் இசையை 1988இல் பாலுமகேந்திரா தன் 'வீடு' படத்துக்குப் பின்னணியாக எடுத்துப் போட்டார். அதன்பிறகு, "அந்த வீடு படத்து மியூசிக் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு ரெண்டொருவர் வந்தார்கள். அண்ணன் அதை எடுத்துப் புதுப்படத் தட்டில் நிமிர்த்தி வைத்தார். பிரச்சினை தீர்ந்தது!

அண்ணன் முழித்த அதே 1987இல், ஜூன் 29ஆம் தேதி, லண்டனில் 'எம்ப்ரஸ் ஆஃப் ரஷ்யா' என்ற மதுக்கடையில் சின்னச் சின்ன ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கப் பாட்டு, லத்தீன் அமெரிக்கப் பாட்டு, நம் பக்கத்துப் பாட்டு எல்லாம் அவர்களிடம் இருக்கிறது, ஆனால் கடையில் எந்தத் தட்டில் வைப்பது என்று கடைக்காரனுக்குத் தெரியவில்லை. பேசிப் பேசி 'வேர்ல்ட் மியூசிக்' என்று ஒரு பேரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு விளம்பரம் செய்தார்கள். அந்தப் பேரை இன்று எல்லோரும் திட்டுகிறார்கள். 2020இல் கிராமி விருதுக்காரர்களே 'வேர்ல்ட்' என்பதை 'குளோபல்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஆனால் ஆரம்பம் என்னவோ சாதாரண அலமாரிப் பிரச்சினைதான். டவுன்ஹால் ரோட்டு அண்ணனை அந்த மேஜையில் உட்கார வைத்திருந்தால் இன்னும் நல்ல பேராகச் சொல்லியிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால் நம் ஊரில் பாட்டைப் பிரித்து விற்கிற வித்தை அவர்களுடையதைவிடப் பழசு. அதை நான் படித்தது என் சித்தப்பாவிடம்.

சித்தப்பா சோழவந்தான் பக்கம் மைக்செட் வைத்திருந்தார். ரெண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு பிளேயர், தகரப்பெட்டிகளில் பிளேட்டுகள். அவர் பெட்டியைப் பிரித்திருந்தது பாடகர் பேரை வைத்தா? கிடையாது. கோயில் பொங்கல் ஒரு பெட்டி. கல்யாணமும் சடங்கும் ஒரு பெட்டி. காதுகுத்து, வசந்த விழா என்று கலப்படமாக ஒன்று. கேத வீட்டுக்குத் தனியாக ஒன்று, அந்தப் பெட்டியை மற்றதோடு சேர்த்து வண்டியில் ஏற்றமாட்டார். பூவரச மரத்தில் குழாயைக் கட்டியவுடன் முதல் பிளேட் பிள்ளையார். சாயங்காலம் சாமி ஊர்வலம் கிளம்பும்போது அம்மன். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது டூயட். மொய் எழுதும் நேரத்தில் சத்தத்தைக் குறைத்து இசை மட்டும்.

அந்தப் பொங்கல் பெட்டியில்தான் எல்.ஆர். ஈஸ்வரி இருந்தார். கலப்படப் பெட்டியிலும் இருந்தார்! சினிமாவில் கிளப் டான்ஸ் பாட்டு என்றால் கூப்பிடு ஈஸ்வரியை என்று இருந்த காலத்தில், லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற அந்தக் கிறிஸ்தவப் பெண்ணின் குரலில் மாரியம்மன் பாட்டு பதிந்து விற்றது இசைத்தட்டுக் கம்பெனி. ஆடி மாசத்தில் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அந்தக் குரல் கேட்காத கோயில் இன்றைக்கும் உண்டா? பாடகிக்கு ஒரு 'இமேஜ்' இருக்கிறது, அதைக் கலைக்கக்கூடாது என்று இன்றைய மார்க்கெட்டிங் ஆள் பதறியிருப்பான். அன்றைக்குக் கம்பெனி அவரைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. அட்டையில் அம்மன் படத்தைப் போட்டது. அவ்வளவுதான் மார்க்கெட்டிங். வாங்கியவன் ஆடி மாசத்துக்கு வாங்கினான்.

நாகூர் ஹனீபாவும் அப்படித்தான். ஒரே வெண்கலக் குரல். இஸ்லாமியப் பாட்டு ஒரு பெட்டியில், தி.மு.க. மேடைப் பாட்டு இன்னொரு பெட்டியில். நம்மூர் டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கு ஒன்று, சிவாஜிக்கு ஒன்று என்று சினிமாவில் பாடிவிட்டு, தானே மெட்டுப் போட்ட முருகன் பாட்டுகளோடு பக்தித் தட்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டார். யாரும் அவர்களைப் பார்த்து, நீங்கள் எந்த வகை என்று கேட்கவில்லை. பாட்டுக்கு ஒரு வேளை இருந்தது, ஒரு காரியம் இருந்தது. கம்பெனி அந்த வேளையைப் பிடித்துக்கொண்டது. என் கணக்கில் நம் பக்கத்தில் பாட்டு விற்றது இந்த ஒரே சூத்திரத்தில்தான்: என்ன சங்கீதம் என்பதை விட்டுத் தள்ளு, எப்போது போடுவது என்று சொல்.

இந்தச் சூத்திரத்தில் தேறி மேலே போனவர் என்றால் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிதான். வீணை சண்முகவடிவின் மகள், 1916. பத்து வயதிலேயே, 1926இல், முதல் இசைத்தட்டு வந்துவிட்டது. அம்மா வீணை, மகள் பாட்டு. அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கொஞ்சம் கூட என்றால் மூன்றரை. அதற்குள் பாடி முடித்தாக வேண்டும். கச்சேரி உருப்படி என்றால் லேபிளில் ராகம், தாளம் போடுவார்கள். நாடகப் பாட்டு என்றால் நாடகத்தின் பேர். அதோடு பாடுகிறவரின் ஊர். இந்த ஊர்ப்பேரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மதுரை மணி ஐயர், மதுரை சோமு என்று ஊரைப் பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது வெறும் விலாசத்துக்கு இல்லை. வாங்குகிறவனுக்கு அது ஒரு உத்தரவாதம். எம்.எஸ். என்பதில் எம் என்ற எழுத்தே மதுரைதானே.

அதற்குப் பிறகு அவர் போன பாதையைப் பாருங்கள். கச்சேரி. 1938இல் 'சேவாசதனம்' சினிமா. 1940இல் 'சகுந்தலை'. 1941இல் 'சாவித்திரி'யில் நாரதர் வேஷம். 1945இல் தமிழ் 'மீரா', ரெண்டு வருஷத்தில் இந்தி 'மீரா'. சினிமா நடிகை, கர்நாடக வித்வாம்சினி, இந்தி பஜனைப் பாடகி. எதில் சேர்ப்பது? இங்கேதான் கணவர் டி. சதாசிவம் வருகிறார். மனுஷர் ஆனந்த விகடனில் விளம்பரப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர், பிறகு கல்கியோடு சேர்ந்து 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கியவர். விளம்பரத் தொழில் தெரிந்த ஆள். 'மீரா'வோடு நடிப்பை நிறுத்தியாயிற்று. கச்சேரியில் என்ன பாடுவது, எந்த வரிசையில் பாடுவது என்பதுவரை அவர் கை இருந்தது. எல்லாப் பாட்டுக்கும் அடியில் பக்தி என்ற ஒரே நூல் ஓடும்படி பார்த்துக்கொண்டார். தமிழ், தெலுங்கு, இந்தி, சமஸ்கிருதம் என்று மொழி மாறும், பாணி மாறும், அந்த நூல் மாறாது. இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு, அவருடைய அசல் துள்ளலைப் பட்டுத்துணியால் மூடிவிட்டார்கள் என்று குறைப்படுகிறவர்களும் உண்டு. நான் ரெண்டாவது கட்சி. ஆனால் வியாபாரம் என்று பார்த்தால் கைதட்டத்தான் வேண்டும்.

1963இல் வந்தது வெங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு. மூன்று நிமிஷத் தட்டில் அடங்காத சங்கதி. லாங் பிளே தட்டு வந்து பக்கத்துக்கு இருபது நிமிஷம் கிடைத்ததால்தான் அது வீட்டுக்குள் வந்தது. ராயல்டி திருமலை தேவஸ்தானத்துக்குப் போனது. அது கர்நாடக சங்கீதமா, வேத பாராயணமா, பக்தி கீதமா? கேட்டவர் யார்? அது 'காலை'. விடியற்காலை அஞ்சு மணிக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பாய்லரில் தண்ணி கொதிக்கும்போது அது ஓடும். ராகம் தெரியாத மாட்டுத்தாவணி மூட்டைக்காரரும் அதைக் கேட்டு மணி சொல்வார். மியூசிக் அகாதமி 1968இல் அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது, அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். ஐ.நா.வில் 1966இல் பாடினார். அதெல்லாம் பெருமைதான். தெருவுக்குள் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த அஞ்சு மணி.

இந்தச் சூத்திரத்தில் தேறாமல் போனவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். மதுரை சோமு.

சோமசுந்தரம் பிறந்தது சுவாமிமலை, வளர்ந்தது மதுரை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையிடம் குருகுலவாசம். சுத்தமான கச்சேரிப் பாடாந்தரம். ஆனால் அவர் உட்கார்ந்து பாடியது சபாக்களில் மட்டும் இல்லை, கோயில் திருவிழாக்களில். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய விடியப் போகும். பக்கவாத்தியம் ஒரு பட்டாளமே உட்கார்ந்திருக்கும். ஒரு ராகத்தை எடுத்து ஒரு மணி நேரம் உருக்குவார், நடுவில் விருத்தம், திடீரென்று கிராமத்து மெட்டு, ஒரு அழுகை, ஒரு அதட்டல், மறுபடி கீர்த்தனை. மணலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு கேட்கிற சம்சாரி எழுந்து உட்காருவான். என் அப்பா அப்படி எழுந்து உட்கார்ந்தவர். வைகைக் கரையோரம் ஏதோ ஒரு ஊர்த் திருவிழாவில், என்னைத் தோளில் போட்டுக்கொண்டு. எனக்கு நினைவிருப்பது குரல்கூட இல்லை, அப்பாவின் தோள் குலுங்கியதுதான். அழுதாரா, தலையாட்டினாரா என்று இன்றைக்கும் தெரியாது.

இந்த மனுஷனை எப்படி இசைத்தட்டில் அடைப்பது? சபாக்காரர்களுக்கு அவர் கொஞ்சம் அதிகப்படி. சினிமாக்காரர்களுக்குக் கச்சேரிக்காரர். நாட்டுப்புறத் தட்டில் வைக்க அவர் வித்வான். அவருடைய சரக்கு நீளம். ஆறு மணி நேரத்தில் நாலாவது மணியில் நடக்கிற ஒன்றை இருபது நிமிஷத் தட்டில் எப்படிக் கொண்டுவருவது? காலைக்கு உரியவர் இல்லை, கல்யாணத்துக்கு உரியவர் இல்லை, முழு ராத்திரிக்கு உரியவர். முழு ராத்திரியை விற்க எந்தக் கம்பெனியிடமும் தட்டு இல்லை.

அவரை ஊர்முழுக்கக் கொண்டுபோனது ஒரு படம். 1972இல் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த 'தெய்வம்'. குன்னக்குடி வைத்தியநாதன் இசை. அந்தப் படத்தில் தேவர் செய்ததை எந்த ரெக்கார்டு கம்பெனியும் செய்திருக்க முடியாது. கச்சேரி வித்வான் மதுரை சோமு, பஜனைக்காரர் பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணி அம்மாள் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத பாணிக்காரர்களைக் கூப்பிட்டு, திரையிலேயே உட்கார வைத்துப் பாட விட்டார். எல்லாரையும் சேர்த்துக் கட்டிய கயிறு முருகன். சோமு பாடிய மருதமலைப் பாட்டு ஒலிக்காத தைப்பூசம் இல்லை என்றாகிவிட்டது. 1976இல் பத்மஸ்ரீயும் வந்தது. 1989இல் காலமானார்.

இப்போது இருபத்தஞ்சு வயசுப் பிள்ளையிடம் மதுரை சோமு என்று சொல்லிப் பாருங்கள். தெரிந்தால் அந்த ஒரு சினிமாப் பாட்டுத்தான் தெரியும். தன் வாழ்நாள் முழுக்க விடிய விடியப் பாடிய ஒருவர் சில நிமிஷமாக மிச்சமாகிவிட்டார். எனக்கு இது பெரிய வயிற்றெரிச்சல்.

பிற்பாடு வந்தவர்களுக்கும் இதே கதைதான், லேபிளின் பேர் மட்டும் வேறு. மதுரைச் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'புகழ்' என்ற சொல்லின் மதிப்பு தெரியும். பரவை முனியம்மா ஊர் ஊராக மேடையேறி நாட்டுப்புறப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர். 2003இல் 'தூள்' படத்தில் அவர் பாட்டு வந்தது. அதன்பிறகு ஒட்டிய போஸ்டரில் எல்லாம் பேருக்கு மேலே 'தூள் புகழ்'. அதுவரை பாடியதெல்லாம் அந்த ரெண்டு சொல்லுக்கு அடியில் போயிற்று. 2020இல் அவர் இறந்தபோதும் செய்தியில் படத்தின் பேர்தான் முதலில் வந்தது. அடுத்தது டி.வி. பாட்டுப் போட்டி தந்த 'சூப்பர் சிங்கர் புகழ்'. 2018இல் செந்தில் கணேஷ் அந்த மேடையில் நாட்டுப்புறப் பாட்டைப் பாடியே ஜெயித்தார், அவரும் மனைவி ராஜலட்சுமியும் கிராமத்துத் திருவிழாக்களுக்குப் போனபோது போஸ்டரில் டி.வி.யின் பேர் பெரிசு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, கணவர் நவநீதகிருஷ்ணனோடு ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்து மேடையிலும் பாடிய விஜயலட்சுமிக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆய்வாளரும் பாடகியுமான அவரைக் கடை அண்ணனின் அலமாரி யோசிக்காமல் நாட்டுப்புறத் தட்டில் வைத்துக்கொண்டது. அதுகூடப் பரவாயில்லை, ஒரு தட்டாவது இருந்தது.

சரி, மருமகன் கதைக்கு வருகிறேன். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி அடுத்த பக்கத்தை விளக்கினான். பாட்டு வெளியாகிறதுக்கு ஏழு நாளாவது முன்னால் ஸ்பாட்டிஃபையில் மனுப் போட வேண்டுமாம். அப்போதுதான் அவர்களுடைய பட்டியல்களில் சேர்க்கலாமா என்று பார்ப்பார்கள். அதில் இசை வகை கேட்கிறார்கள், கூடவே என்ன மனநிலை, என்னென்ன வாத்தியம் என்றும் கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு வைத்திருக்கும் பட்டியல்களின் தலைப்பைப் பார்த்தேன். உடற்பயிற்சிக்கு, தூக்கத்துக்கு, கார் ஓட்ட, மழைக்கு, காதல் தோல்விக்கு.

"மாப்ள, இது உங்க சின்னத் தாத்தாவோட தகரப்பெட்டிடா."

"என்னது மாமா?"

சொன்னேன். கேத வீட்டுப் பெட்டி வரைக்கும் சொன்னேன். பையன் சிரித்தான். பிறகு அமெரிக்காவில் லில் நாஸ் எக்ஸ் என்று ஒரு பையன் கதையை அவன் எனக்குச் சொன்னான். ராப்பும் கிராமத்துக் குதிரைக்காரப் பாட்டும் கலந்து பாடினானாம். 2019இல் பில்போர்டு அதைக் கன்ட்ரி வரிசையிலிருந்து தூக்கிவிட்டது, இது கன்ட்ரி கணக்கில் வராது என்று. தூக்கியதே விளம்பரமாகி, பொது வரிசையில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது. "அது மாதிரி நம்மளையும் எவனாச்சும் தூக்குனா நல்லாருக்கும் மாமா" என்றான். தூக்குவதற்கு முதலில் ஒரு வரிசையில் நிற்க வேண்டுமே!

அவனுக்கு நான் சொன்ன யோசனை இதுதான். வகைக் கட்டத்தில் என்னத்தையாவது போட்டுத் தொலை, அது கம்பெனிக்கு. உன் பாட்டை எப்போது போட வேண்டும் என்று நீயே முடிவு செய். நடவுப் பாட்டு மெட்டு இருக்கிறது, உறுமி இருக்கிறது, நாதஸ்வரம் இருக்கிறது. ஆடிப்பெருக்குக்கு வெளியிடு. வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் ஒலிபெருக்கி வைத்திருக்கிற பத்துப் பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஒரு கோயில் பொங்கலில் ஒருத்தன் போட்டால் பக்கத்து ஊர்க்காரன் கேட்பான், "இது என்ன பாட்டுண்ணே?" என்று. அந்தக் கேள்வி விழுந்தால் போதும். பையன் அரைமனசாகத் தலையாட்டிவிட்டு, கட்டத்தில் 'தமிழ்' என்பதைத் தட்டினான். சிவப்பு நட்சத்திரம் மறைந்தது. அடுத்த பக்கம் திறந்தது. நான் பாயில் விழுந்தேன், தூக்கம் வரவில்லை.

எழுந்து பரண்மேல் இருந்த கேசட் பெட்டியை இறக்கினேன். 'ஹவ் டு நேம் இட்' இருந்தது, நாடா ஒட்டிக்கொண்டு சுற்ற மறுக்கிறது. அதற்கு அடியில் இன்னொரு கேசட். அட்டையில் கடை அண்ணனின் பச்சை எழுத்து: 'சோமு, கோயில், பாதி.' யாரோ டேப் ரெக்கார்டரை ஒலிபெருக்கிக்குக் கீழே வைத்துப் பதிந்ததை அண்ணன் எனக்காக நகல் எடுத்துக் கொடுத்தது. என்ன ஊர், என்ன வருஷம், எதுவும் எழுதவில்லை. ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறது. நடுவில் ஒரு குழந்தை அழுகிறது, யாரோ "உக்காருய்யா, மறைக்குது" என்கிறார், சோமு பாடிக்கொண்டே போகிறார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மதுரை, திண்டுக்கல், ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் பழைய மைக்செட்காரர்கள் வீட்டிலோ, கோயில் விழாக் கமிட்டியில் இருந்தவர்கள் வீட்டிலோ, சோமுவின் திருவிழாக் கச்சேரி பதிந்த ஸ்பூல் டேப், கேசட் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும். கீழே பின்னூட்டத்தில் ஒரு வரி போடுங்கள், நான் வண்டி எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன். என் கேசட்டில் பாதிதான் இருக்கிறது.